கெடைக்காத கிளிப்பு

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் பழைய காரை டிரைவராக இருந்த என் வீட்டுக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் அந்தக் கார் எனக்குச் சக்களத்தி. கதவின் உள்பக்க அட்டையைப் பிடிக்கும் கிளிப்புகள் உடைந்திருந்தன. அதற்காக ஈப்போவில் பழைய சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்.

ஒருநாள் தைப்பிங்கிற்குக் கிளம்பினார். எனக்கும் கொண்டைக்கு ஒரு கிளிப்பு வாங்கிவரச் சொன்னேன். திரும்பியவர் வாசலிலேயே, “கிளிப்பு கெடச்சிருச்சி” என்றார். ஆசையாகத் தலையைச் சீவிக்கொண்டு வந்தேன். பொட்டலத்தில் பன்னிரண்டும் கார் கிளிப்பு.

“எனக்கு எங்கங்க?”

“ஒனக்கு அடுத்த வாரம் வாங்கலாம்லா. இது கெடைக்காத சாமான்.”

“அப்ப நான் கெடைக்கிற சாமானா?”

சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். நான் ஒன்றை எடுத்துக் கொண்டைக்குள் செருகிக்கொண்டேன். பொழுது சாயும்வரை அவர் தரையெல்லாம் தவழ்ந்து தேடினார். நானும் கூடவே குனிந்து தேடினேன்.

அதன்பின் நான் உட்காரும் பக்கத்துக் கதவின் அட்டை மட்டும் கடகடவென்று ஆடும். அவர் முகம் சுளிப்பார். நான் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.