அந்தப் பாட்டில் செத்தவன் நான்

நாலு மூங்கிலும் இரண்டு சாக்கும் வைத்து செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டீக்கடை போட்டவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அந்த டீக்கடை டிபன் கடையாயிற்று. வெறும் பாறை என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தை வாங்கி, அதன் மேலேயே பதினான்கு ரூம் வைத்து லாட்ஜ் கட்டினேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்க வந்தவர், "இங்க போர் போட்டா புகைதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதே இடத்தில் தண்ணீர் எடுத்தேன். இன்றைக்கும் கோடையில் தெருவே என் குழாயில்தான் குடம் வைக்கிறது. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்கிறது. கடைசியாக ஒரு பாட்டையும் உண்டாக்கினேன். அதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

பாட்டு, ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணுடையது. கோட்டையைப் பார்க்க இரண்டு நாளைக்கென்று ரூம் எடுத்தவள் ஒரு மாதம் இருந்தாள். "லண்டன் பொண்ணு" என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். செஞ்சியைத் திண்டிவனம் பக்கம் என்று சொன்னால் எனக்கு வரும் கோபம்தான் அது. அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது. தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "இன்னா". அடுத்தது, என் மகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, "நைனா".

அவள் தன் ஊர்ப் பாட்டுகளைப் பாடுகிறவள், வயலினும் வாசிப்பாள். அதே மெட்டுப்போக்கில் சொந்தமாகவும் கட்டுவாள். முதல் ஆல்பத்துக்கு ஒரே ஒரு பாட்டு பாக்கி. ஆடு மேய்கிற மலை, கல்லால் கட்டிய வீடு, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்தது என்று மூன்று அடி முடிந்து, நாலாவது வரவில்லை. ஊருக்குத் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும் என்று என் மகளிடம் சொல்லி அழுதாளாம். தினமும் மத்தியானம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, அந்த மூன்று அடியையே முனகிக்கொண்டிருப்பாள்.

அமாவாசை வந்தது. என் மனைவியும் மகளும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போய்விட்டார்கள். முந்தின நாள்தான் எனக்கு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான் போனதைத் தெரு பார்த்தது. வாயு என்று சொன்னது தெருவுக்குத் தெரியாது.

காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய கட்டில் ஒன்று விலைக்கு வருகிறது என்று அவலூர்பேட்டைக்கு வண்டியில் கிளம்பினேன். போனை மேஜை டிராயரிலேயே மறந்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து அந்தப் பெண் முனகாமல் வாய்விட்டுப் பாடியிருக்கிறாள். அவளுடைய ராகம் மேலே போய் இழுத்து இழுத்துக் கீழே இறங்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இழுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர் இட்லிக்கடைக்காரம்மா காதில் விழுந்திருக்கிறது. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. போன் போட்டால் உள்ளே மணி அடிக்கிறதே தவிர, எடுக்க ஆளில்லை. அந்தம்மா இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

சாவு வீட்டில் முதலில் அழுகிறவளைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் முறை. அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள். சுற்றி உட்கார்ந்தார்கள். பிணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் பத்து ஜோடி செருப்பும் ஒரு ரோஜா மாலையும் கிடந்தன. மாடியில் குரல். படியில் நின்று கேட்டேன்.

"டீக்கட போட்டவனே, டிபன்கட வச்சவனே,
பாறமேல மாடி கட்டிப் பாதியில போனீயே!"

என் பேரைச் சொல்லாவிட்டாலும் நான்தான் என்று புரிந்தது. யார் கேட்டாலும் ஒன்று சொல்வேன்: உயிரோடு இருக்கும்போது ஊர் இவ்வளவு அழகாக நம்மைப் பற்றிப் பேசாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் முழுசும் சொல்லி முடித்துவிட்டு மூக்கைச் சிந்தப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மேலே ஏறிப் போய்க் கேட்டேன்.

"போர் போட்டத வுட்டுட்டீங்களே! தண்ணி குடிக்கிற வாய்தானே அது?"

இரண்டு பேர் தொட்டிக்குப் பின்னால் ஓடினார்கள். இட்லிக்கடைக்காரம்மாதான் முதலில் தெளிந்தார்.

"யோவ், சாவலியா நீ?"

"இன்னும் இல்ல."

"அங்க ஒரு ஈடு இட்லி வீணாப்போச்சுய்யா! மால வேற வாங்கியாந்தோம். சொல்லிட்டுப் போவத் தெரியாதா ஒனக்கு?"

அந்த ஸ்காட்லாந்துப் பெண் மட்டும் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அவள் போன் பதிவு செய்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மகள் வந்து கேட்டுச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. அவள் ஊரிலும் முன்பு பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த கம்பளித் துணியைத் தட்டித் தட்டி, ஒருத்தி பாட மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்களாம். அதைப் பழைய பதிவுகளில் கேட்டிருக்கிறாளே தவிர, அவளுடைய பாட்டுக்கு அப்படி ஒருத்தரும் வந்து உட்கார்ந்ததில்லை. இவர்கள் சேர்ந்துகொண்டதும் நாலாவது அடி தானாக வந்துவிட்டதாம்: பூட்டிய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் திறக்கிறார்கள்.

அது ஒப்பாரி என்று மகள் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. "ஸாரி நைனா, ஸாரி" என்று பதிவை அழிக்கப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழிச்சிடாத பாப்பா. அப்புறம் நான் செத்தது வீணாப்போயிடும்."

மகள் சிரித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் மனைவி எனக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். ஒரு மாதத்துக்குக் காபியில் எனக்கு மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரை அதிகம்.

இப்போது பாட்டு வெளிவந்துவிட்டது. கேட்டேன். நாலாவது அடியில் எங்கள் தெருப் பெண்கள் வருகிறார்கள், அவள் குரல் அவர்கள் மேல் சாய்ந்துகொண்டு வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதை மகள் படித்துக் காட்டினாள். பாட்டும் வயலினும் அவள். உடன் பாடியவர்கள் செஞ்சிப் பெண்கள். இட்லிக்கடைக்காரம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சட்னிக்கு முன்னால் போனைக் காட்டுகிறார். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

மகளை விட்டுக் கேட்டேன். "உயிரோட இருக்குற நைனாவ செத்தவர்னு எப்பிடி எழுதறது? மனசு வரல" என்று பதில் வந்தது. என் மனைவியும் அபசகுனம் என்கிறாள்.

எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை பாப்பா. என் ஒப்பாரியை நானே கேட்டாயிற்று, இனி என்ன இருக்கிறது? யார் செத்ததற்கு அவர்கள் மாடி ஏறினார்கள்? யார் உன் கையைப் பிடித்து அழிக்காமல் நிறுத்தியது? அதனால் எழுது. வயலினுக்குக் கீழே, இட்லிக்கடைக்காரம்மாவுக்கு மேலே: "செத்தவர், செஞ்சி லாட்ஜ் ஓனர்." பக்கத்திலேயே போர் போட்டதையும் சேர்த்துவிடு.