ஸ்பெயினில் எனக்கொரு பை அரிசி

ஸ்பெயினில் எனக்காக ஒரு வீடு காத்திருக்கிறது என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்த மடையன் நான். வெம்பிளித் தமிழ்க் கடையில் ஒருமுறை சந்தித்தவரின் வீடு அது. மார்கழிக் குளிரிலும் ஓலைத் தொப்பி போட்டிருந்தார். மலாகாவில் தனியாக இருக்கிறாராம்.

"பிள்ளையள் இஞ்சை லண்டனிலைதான். லீவு கிடைக்குதில்லையாம்" என்றவர், திடீரென்று, "நீர் சாப்பிடுறது சிவப்பரிசியோ, வெள்ளையோ?" என்று கேட்டார்.

"சிவப்பு."

உடனே ஒரு பை குத்தரிசியைத் தன் கூடையில் வைத்தார். "இது உமக்கு, நீர் அங்கை வரேக்கை சமைக்க. பெட்டிக்குள்ளை வைச்சுக் கொண்டு போறன். வாரும், கிரனாடா, கோர்டோபா எல்லாம் ரயிலிலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"கட்டாயம் வாறன்" என்றேன். கோடையும் போயிற்று, நான் போகவில்லை.

என் அரிசியில் வண்டு விழுந்திருக்குமே என்று கடைக்காரரிடம் கவலைப்பட்டேன்.

"உங்கடை அரிசி மட்டுமே அண்ணை? எனக்கும் அங்கை ஒரு பை கிடக்குது. இஞ்சை வாற எல்லாருக்கும் கிடக்குது."