லுணுகலை மலையில் தங்கையின் முதல் பிரசங்கம்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக்குப் போனேன். அங்கே தேயிலைத் தோட்டத்து மலைச்சரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, பதினெட்டுப் பேர் மட்டும் படிக்கும் வேதாகமக் கல்லூரி ஒன்று இருந்தது. எந்தச் சபைப் பிரிவையும் சேராதது. ஊழியத்துக்குப் போகிறவர்களைப் பயிற்றுவிக்கும் இடம். என் தங்கை எஸ்தர் அங்கே இரண்டாம் வருடம். அன்று அவளுடைய முதல் பிரசங்கம்.

சனிக்கிழமையே பதுளை வந்து தங்கிவிட்டேன். காலை 6.15க்குப் பஸ், பசறை வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், டிக்கெட் 190 ரூபா. மூன்று நாளாக விடாத மழை. வளைவுகளில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. டவுனிலிருந்து கல்லூரிக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 700. வழியில் ஓர் ஊற்றருகே ஓட்டுநர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"இந்தத் தண்ணி கண்ணாடி மாதிரி வரும்ங்க. இன்னைக்கு சேறா வருது. கூட்டம் முடிஞ்சா நிக்காம எறங்கிடுங்க."

அதற்குப் பிறகு எனக்கு மலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

ஒன்பதரைக்கு ஆராதனை. எஸ்தர் பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும், பின்சுவருக்கு அப்பால் மரம் முறிவதுபோல் சத்தம். கல்லூரியை நடத்தும் பாஸ்டர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"குசினிக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்கு. எல்லாரும் கீழ ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே!"

எஸ்தர் பைபிளை மூடினாள். "பாஸ்டர், மேல் லயத்துல மாரியாயி இருக்கா. ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெத்து ஆறு நாள்தான். அவளால எறங்க முடியாது."

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். "வேற யாராச்சும் போகட்டும்டி" என்றேன். அப்படித்தான் சொன்னேன், மறைக்க ஒன்றுமில்லை. அவள் கையை உருவிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு மேலே ஓடினாள். பாஸ்டரும் மூன்று மாணவர்களும் பின்னால் ஓடினார்கள்.

ஸ்கூல் வாசலில் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. அவள் பெயர் மட்டும்தான் வந்தது. பனியில் மேல் பாதையே தெரியவில்லை. கடைசியில் நாற்காலியின் நான்கு கால்களை ஆளுக்கொன்றாகப் பிடித்து, மாரியாயியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். பிள்ளை பாஸ்டரின் கோட்டுக்குள். பின்னால் லயத்துச் சனம் முழுவதும்.

பதினொன்றைத் தாண்டியதும் மலை இறங்கியது. லாரியில் கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம், நிற்கவே இல்லை. சமையல் நடக்கும் குசினியும் பெண்கள் விடுதியும் போயின. லயத்தில் பாதி போனது. உயிர்ச்சேதம் இல்லை.

"பயமே இல்லையாடி ஒனக்கு?"

எஸ்தர் என் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்தாள். வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

கல்லூரி இப்போது டவுனில் வாடகை மண்டபமொன்றில் நடக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஜூன், ஜூலையில் போங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டாம். போயே ஆகவேண்டுமென்றால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலோ சுவரில் புது வெடிப்பு தெரிந்தாலோ பையைக்கூட எடுக்க நிற்காதீர்கள்.

படிப்பு முடிந்ததும் அதே தோட்டத்துக்குத்தான் ஊழியத்துக்குப் போவேன் என்கிறாள் எஸ்தர். போகாதே என்று நான் சொல்வதில்லை. ஊவா மாகாணத்தில் மழை என்று கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு அவளுக்கு போன் அடிக்கிறேன். அவள் எடுக்கும்வரை மூச்சு விடுவதில்லை.