எல்லா லாந்தரையும் ஏற்றச் சொன்ன கௌதமி அக்கா

கௌதமி அக்கா போய்விட்ட செய்தியை மற்றவர்களுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அக்காவின் தம்பி நந்தா காலையில் போன் செய்தான். "அக்கா போயிட்டாடா. நீயே எல்லாருக்கும் சொல்லிடு, என்னால முடியல" என்று சொல்லி வைத்துவிட்டான். சொல்வதற்கு அவனுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கலாம். ஒருமுறை, இன்றைக்குக் கல்லூரி லீவு என்று பொய் சொல்லி, பாதி வகுப்பை ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டிலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவன் நான். என் வாயிலிருந்து வரும் எதையும் இந்த ஊரில் யாரும் ஒரே தடவையில் நம்புவதில்லை. கூட விளையாடிய ஜோசப்புக்குப் போன் செய்து சொன்னபோது அவனும் சிரித்தான். "ட்விஸ்ட் நல்லாதான் கீது மச்சி. ஆனா முன்னாடி எங்கியும் சொல்லலியே, எப்படி நம்பறது?"

அது அக்காவின் வசனம். அக்காவின் வசனத்தை வைத்தே அக்காவின் சாவை அவன் நம்ப மறுத்தான். கடைசியில் போனை என் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பேசியதும் அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

அக்காவின் படத்திறப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு நினைவு மலரில் எழுதச் சொல்லி நந்தா கேட்டான். மாரிகுப்பத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில், அந்தப் பெரிய டிவிக்கு எதிரே பாயில் உட்கார்ந்து விளையாடிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உட்காராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமும் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்கா பெங்களூரில் வீடியோ கேம் செய்யும் ஒரு கம்பெனியில், விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருவார். ஒருநாள், "ரயில் அலுத்துப்போச்சுடா" என்று வேலையை விட்டுவிட்டு முன்னறையில் டிவியை மாட்டினார். எங்களைக் கூப்பிட்டார். கார் ஓட்டுகிற, துப்பாக்கி சுடுகிற விளையாட்டெல்லாம் கிடையாது. கதை உள்ள விளையாட்டு மட்டும்தான். கதை ஓடும்போது பட்டனை அழுத்தித் தாவினால் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிவிடுவார். "ஒருத்தன் உக்காந்து எழுதினான் இல்ல? அவன் மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துவியா?" என்பார்.

அந்த விளையாட்டுகளில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். எங்களில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. மீதிப் பேர் புரிந்த மாதிரி தலையாட்டினோம். அக்கா சத்தத்தை அடைத்துவிட்டு, திரையில் யார் வாய் அசைந்தாலும் அவரே தமிழில் பேச ஆரம்பித்தார். பாதிரியாருக்கு மூக்கால் ஒரு குரல். டாக்டருக்கு எங்கள் கணக்கு வாத்தியார் குரல். திருடனுக்குப் பாதி கன்னடம் கலந்த பஸ் கண்டக்டர் குரல். கிரீடம் வைத்த ஒரு ராஜா, கத்தியை உருவிக்கொண்டு, "இன்னா தம்பி, இவ்ளோ லேட்டாவா வர்றது? சோறு ஆறிடுச்சு பாரு" என்றபோது நான் பாயில் உருண்டேன். ராஜா என்னைக் குத்திவிட்டுப் போய்விட்டான். சிரித்துக்கொண்டே செத்தது அந்த ஒருமுறைதான்.

வில்லன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்காவை நிறுத்த முடியாது. சும்மா கத்துகிற, மீசை முறுக்குகிற வில்லனைக் கண்டால் பிடிக்காது. "இவன் காலைல எழுந்து இன்னா பண்ணுவான்? கண்ணாடி முன்னாடி நின்னு கெட்டவனா இருப்பானா?" என்று கேட்பார். ஒருநாள் நான், "அப்ப யாருதான்கா வில்லன்?" என்றேன். அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நம்மள மாதிரியேதான்டா. நமக்கு இன்னா ஆசையோ அதே ஆசைதான் அவனுக்கும். ஆனா நாம ஒரு எடத்துல வேணாம்னு நிறுத்திக்குவோம் பாரு, அங்க அவன் நிறுத்தமாட்டான்." பிறகு என்னைப் பார்த்து, "நீ வில்லன் கிடையாது. வில்லங்கம்" என்றார். அன்றிலிருந்து அந்த அறையில் என் பெயர் வில்லங்கம்.

அங்கே இன்னொரு வழக்கம் இருந்தது. மாரிகுப்பத்துக்காரர்கள் பார்த்திருப்பீர்கள்; பார்த்துவிட்டு எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பீர்கள். விளையாடுகிறவன் கதையின் பெரிய திருப்பத்தை நெருங்கினால், அக்கா வாயைக் குவித்து, சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து ஊதும் சங்கு மாதிரி ஊதுவார். "தெரிஞ்சவங்கல்லாம் கேஜ் ஏறுங்க, மேல போங்க." கேஜ் என்பது தாத்தாக்கள் சுரங்கத்துக்குள் ஏறி இறங்கிய இரும்புக் கூண்டு. ஏற்கெனவே முடிவு தெரிந்தவர்கள் எல்லோரும் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். எங்கள் முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவன் கண்டுபிடித்துவிடுவானாம். வெயிலில் வரிசையாக நிற்போம். தண்ணீர்க் குடத்தோடு போகிற பக்கத்து வீட்டம்மா, "இன்னாடா இப்படி நிக்கிறீங்க, யாருக்கு இன்னா ஆச்சு?" என்பார். "உள்ள ஒருத்தனுக்குத் துரோகம் நடக்குதும்மா. இன்னும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்பேன்.

நான் வெளியே நிற்கும்போது சன்னல் வழியாகப் பொய்யான முடிவுகளைக் கத்துவேன். "அந்த நாய்தான் வில்லன், நம்பாத!" உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும். "நாய் இல்லடா, அது உன் பொய்யக் கேட்டே ஊர விட்டு ஓடிப்போச்சு."

இனி நான் சொல்ல வேண்டியது பனி ஊர் விளையாட்டைப் பற்றி. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் பனி ஊர். கதாநாயகன் ஒரு மலையூருக்கு ரயிலில் வருவான். பனி கொட்டித் தண்டவாளம் மூடிவிடும். ஊரை விட்டுப் போக வழியில்லை. ஊரில் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல்முறை திரையில் அந்த ஊரைப் பார்த்தபோது, "இதுல இன்னாக்கா பனி? நம்ம சயனைட் மேடு மாதிரியேதான் கீது" என்றேன். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் வெள்ளையாக மலைபோல் குவிந்து கிடக்கும் மேடு அது. "அதான் உன்னை இங்க இறக்கிவிட்டேன்" என்றார் அக்கா.

அந்த ஊர் ரயில் நிலையத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரம்மா இருப்பார். எங்கே அடிபட்டாலும் அங்கே போனால் டீ ஊற்றிக் கொடுப்பார். விளையாட்டை அங்கேதான் சேவ் செய்ய முடியும். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அக்கா அவருக்காக ஒரே கேள்வியைக் கேட்பார். "சாப்ட்டியா?" பிறகு, "லைன் இன்னும் கிளியர் ஆகல. உக்காரு, டீ குடி."

ஜோசப் அதை முடித்தான். நந்தா எப்போதோ முடித்துவிட்டதாகச் சொன்னான். மற்றவர்களும் முடித்தார்கள். முடித்தவர்கள் மெல்ல மெல்ல வருவது குறைந்தது. ஒருவனுக்கு டியூஷன், ஒருவனுக்குப் பெங்களூரில் வேலை. நான் மட்டும் மிச்சம். கடைசி அத்தியாயத்துக்கு ஸ்டேஷனின் பின்பக்க கேட்டைத் தாண்ட வேண்டும். "ஊர்ல இருக்கிற எல்லா லாந்தரையும் ஏத்துனாதான் அந்த கேட்டு தொறக்கும்" என்றார் அக்கா. சந்து பொந்து, கிணற்றடி, மாதா கோயில் கூரை என்று லாந்தர் தேடி அலைந்தேன். மாசக்கணக்கில் அலைந்தேன். யார் வில்லன் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. டாக்டரைச் சந்தேகப்பட்டேன். பாதிரியாரைச் சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் ஜோசப்பையே சந்தேகப்பட்டேன்.

நடுவில் அக்கா மெலிந்துகொண்டே போனார். "டயட்டு" என்றார். வெயில் காலத்திலும் சால்வை போர்த்தினார். "பனி ஊர்ல கீறோம் இல்ல, குளுருது" என்றார். பேச்சின் நடுவே மூச்சு வாங்க நிறுத்துவார். அதை நாங்கள் வில்லனுக்கே உரிய கம்பீரமான இடைவெளி என்று நினைத்தோம். அக்கா எப்போதும் சொல்வார்: "நல்ல ட்விஸ்டுன்னா எல்லாத்தையும் உன் கண்ணு முன்னாடியே வெச்சிருக்கணும். மறைச்சு வெச்சா அது ஏமாத்து. முன்னாடியே வெச்சும் நீ பாக்காம போனா, அதான் எழுத்து." ரத்தப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரயில் அலுத்துப்போனதாகச் சொன்ன நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது, "லாந்தர் இன்னா ஆச்சு?" என்று கேட்டார். குரல் தேய்ந்திருந்தது.

"ரெண்டுதான்கா பாக்கி. நீங்க வந்துதான் முடிவுல பேசணும். நானா பாத்தா மஜாவா இருக்காது."

"அவசரமே இல்ல. நல்லா தேடு."

நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். அக்கா உதட்டைக் குவித்து ஊதப் பார்த்தார். சங்கு வரவில்லை, காற்று மட்டும் வந்தது. "கேஜ் ஏறுங்கடா" என்றார். நாங்கள் வெளியே வந்து தாழ்வாரத்தில் வரிசையாக நின்றோம். சன்னல் இருந்தது. கத்துவதற்கு எனக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை.

படத்திறப்புக்கு உறவினர்கள் வந்து தங்க வேண்டும் என்று முன்னறையைக் காலி செய்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பகலில் நந்தா வீட்டுக்குக் கூப்பிட்டான்; ஜோசப்பும் அங்கே இருந்தான். "டிவியக் கழட்டப் போறோம். அதுக்கு முன்னாடி நீ அதை முடிச்சிடு."

"இன்னும் ரெண்டு லாந்தர் பாக்கி."

ஜோசப்பும் நந்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லாந்தர்லாம் வேணாம் மச்சி" என்றான் ஜோசப். "கேட்டு தொறந்துதான் கீது. மொதல்லேர்ந்தே."

"இன்னாது?"

"லாந்தர் ஏத்துனா வெளிச்சம் வரும், அவ்ளோதான். அக்கா சும்மா சொன்னா."

ஊரையே ஏமாற்றுகிறவன் நான். என்னையே அக்கா மாசக்கணக்கில் விளக்கேற்ற வைத்திருக்கிறார். நான் நந்தாவிடம் பாய்ந்தேன். "ஏன்டா சொல்லல?"

"அவ சொல்லக் கூடாதுன்னா." அவன் ரிமோட்டை என் கையில் வைத்தான். "எல்லாரும் முடிவப் பாத்தாச்சு, வில்லங்கம் ஒருத்தன்தான் பாக்கி, அவனும் முடிச்சுட்டா நான் யாருக்குப் பேசறதுன்னு கேட்டா."

பிறகு யாரும் ஊதாமலே அவர்கள் எழுந்து வெளியே போனார்கள். சமையலறை வாசலில் நின்றிருந்த நந்தாவின் அம்மாவும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவருக்கும் முடிவு தெரிந்திருந்தது.

கேட்டைத் தள்ளினேன். திறந்தது. அந்தப் பக்கம் தண்டவாளம் சுத்தமாக இருந்தது, பனியே இல்லை. ஒரு ரயில் விளக்கெரிய நின்றது. ஸ்டேஷன் மாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தார். லைன் ஒருநாளும் மூடவில்லை. ஊரை விட்டு எல்லோரும் போய்விடுவார்களே என்று அவர்தான் பொய் சொல்லி வைத்திருந்தார். பொய்யைக் கண்டுபிடித்துத் தண்டவாளத்தில் நடந்து ஊரை விட்டுப் போனவர்கள்தான் காணாமல் போனவர்கள்.

அவர் வாய் அசைந்தது. பழக்கத்தில் சத்தத்தை அடைத்திருந்தேன். திறந்தேன். யாரோ ஒரு பெண் நல்ல ஆங்கிலத்தில், நிதானமாக, வந்துவிட்டாயா என்று கேட்டாள். அவ்வளவுதான். எல்லா முறையும் அவர் கேட்டது அவ்வளவுதான் போலிருக்கிறது. சாப்ட்டியா என்று யாரும் எழுதவில்லை.

அப்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. பாதிரியாருக்கு, டாக்டருக்கு, திருடனுக்கு, நாய்க்குக்கூட அக்கா குரலை மாற்றினார். இந்த ஒரு அம்மாவுக்கு மட்டும் மாற்றவில்லை. முதல் நாளிலிருந்தே தன் சொந்தக் குரலில்தான் பேசினார். எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்தது.

திரையில் இரண்டு வழி வந்தது. ரயிலில் ஏறலாம், அல்லது இருக்கலாம். இருந்தால் அவர் மறுபடி டீ ஊற்றுவார். நான் ஏற்றிய லாந்தர்கள் எரிந்துகொண்டே இருக்கும். விளையாட்டு முடியவே முடியாது. சத்தத்தை மறுபடி அடைத்தேன். ரொம்ப நேரம் அவர் வாய் சும்மா அசைந்துகொண்டிருந்தது. சாப்ட்டேன்கா என்று சொன்னேன். வேணாம்னு நிறுத்திக்குவோம் என்று அக்கா சொன்ன இடம் இதுதான் என்று தெரிந்தது. ஏறினேன்.

வெளியே வந்தபோது எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். "இன்னா பண்ணே?" என்றான் ஜோசப்.

"ஏறிட்டேன்."

"நானும் மொத தடவையே ஏறிட்டேன்" என்றான். நந்தாவின் தோளில் கை வைத்து அவன் அம்மாதான் மெதுவாகச் சொன்னார், "இவன் இன்னும் ஏறவே இல்லப்பா." வியாதி அவனுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பேச, ஒவ்வொரு முறையும் இருக்கிறேன் என்றே அழுத்தியிருக்கிறான்.

அன்றைக்கு நாங்கள் டிவியைக் கழற்றவில்லை. மறுநாள் டிவியோடு கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் நந்தாவின் ஆட்டம் ஸ்டேஷனில் டீ முன்னால் அப்படியே நிற்கிறது. எனக்குப் பொய் சொல்லத் தெரியும், ஊரைச் சிரிக்க வைக்கத் தெரியும்; அவையெல்லாம் அக்காவுக்கு முன்பே இருந்தவை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வெளியே போய் நிற்பது. நந்தா எப்போது வேண்டுமானாலும் வரட்டும். அவன் உட்கார்ந்ததும் நாங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவோம். சன்னல் பக்கம் நான் நிற்பேன். எதுவும் கத்தமாட்டேன்.