ஏழாவது கிண்ணத்தின் விரிசல்

போன வாரம் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். பக்கத்தில் ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு நர்ஸ் பெண், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாட்டுக் கேட்பவர்களுக்கு விரலோ காலோ சும்மா இருக்காது, ஏதாவது ஒன்று தாளம் போடும். இவளோ அசையாமல், யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவள் மாதிரி இருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னாம்மா கேக்குற?"

"பிஜிஎம், அக்கா. படத்துல சீனுக்குப் பின்னாடி வருமில்ல, அது." ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், அப்போது பார்சல் தள்ளுவண்டி எங்களைக் கடந்து போனதுதான். வைக்கோல் சுற்றிய பீங்கான் பெட்டிகள். அந்த வைக்கோல் தூசு மூக்கில் ஏறியதும் நான் பிளாட்பாரத்தில் இல்லை. இருபது வருஷம் பின்னால், பீங்கான் யூனிட்டின் பேக்கிங் அறை வாசலில், கையில் ஒரு சின்ன மரக்குச்சியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அங்கே எனக்கு வேலை, தட்டுவது. சூளையிலிருந்து வரும் கப், கிண்ணம், ஊறுகாய் ஜாடி ஒவ்வொன்றையும் இடது கை விரல் நுனியில் நிறுத்திக் குச்சியால் ஒரு தட்டு. 'ணங்' என்று நீண்டு கேட்டால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ விரிசல் இருக்கிறது. ஒரு முறை பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு என்னா வேல பாக்குது?" என்று கேட்டார்கள். அப்பா மிகவும் யோசித்து, "தட்டிப் பாக்குற வேலைங்க" என்றார். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து தகவல் இல்லை. நல்லதாகப் போயிற்று. ஒரு நாளைக்கு ஆயிரம் கிண்ணம் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் எதைக் கேட்டாலும் காது அதற்குள் விரிசல் தேடும். பஸ் கம்பி, கோயில் மணி, சாப்பாட்டுத் தட்டு எதையும் விடாது.

சினிமாவிலும் அப்படித்தான். வீட்டில் எல்லாரும் கதையைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். நான் கதைக்குப் பின்னால் ஓடும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போவேன். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை, நஸீர் பாயைப் பார்க்கும் வரை.

நஸீர் பாய் வளைகுடாவில் ஒன்பது வருஷம் எலக்ட்ரிக்கல் கடையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, அவர் கப்பலில் போட்டுக் கொண்டுவந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர். ஏதோ விண்ணப்பம் போடப் போயிருந்தேன். அவர் மெல்லிய சத்தத்தில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது தம்பிய ரயிலேத்தி உட்டுட்டுத் திரும்பி நடந்து வர்ற எடம்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

பாய் நாற்காலியை அப்படியே திருப்பினார். "தங்கச்சி, இந்த ஊருல நான் ஒருத்தன்தான் பைத்தியம்னு நெனச்சிட்டு இருந்தேன்."

அன்றைக்கே அவர் எனக்கு அந்த இணையக் குழுவைக் காட்டினார். பின்னணி இசைப் பைத்தியங்களுக்கென்றே ஓர் இடம். அதில் 'இப்போது கேட்டுக்கொண்டிருப்பது' என்று ஓயாமல் நீளும் ஒரு இழை. ஷார்ஜாவில் ஒருவர் ஆபீஸ் போகும் வழியில், கனடாவில் ஒருவர் பனியைத் தள்ளிக்கொண்டே, கோயம்புத்தூரில் ஒருவர் மில் கேன்டீனில். எல்லாரும் அந்த நேரத்தில் எந்தப் படத்தின் எந்தக் காட்சி இசையைக் கேட்கிறார்கள் என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். கடைகளில் பாட்டு கிடைக்கும், இந்த இசை கிடைக்காது. படத்தில் வசனம் இல்லாத இடமாகப் பார்த்து, அரை நிமிஷம் ஒரு நிமிஷமென்று வெட்டி எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வோம். நான் 'பீங்கான்' என்று பேர் வைத்துக்கொண்டேன். எல்லாரும் என்னை "அண்ணே" என்றார்கள். திருத்தவில்லை. அண்ணனாக இருப்பதில் எனக்குச் சில சௌகரியங்கள் இருந்தன.

வாரத்தில் மூன்று நாள், வேலை விட்டதும் அரை மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் மீதி நேரம் முழுக்க அந்த அரை மணிக்குள் என்ன எழுதலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் ஷார்ஜாக்காரர் ஒரு துண்டை ஏற்றியிருந்தார். படத்தின் பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நீங்கள் உடனே அதிலுள்ள பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். காட்சி இதுதான்: கோபித்துக்கொண்டு போன அம்மா திரும்பி வருகிறாள், வீடு பூட்டியிருக்கிறது, மழை. பின்னால் பத்தே பத்து சுரம், சொட்டுச் சொட்டாக. 'இது என்ன வாத்தியம்?' என்று அவர் கேட்டிருந்தார்.

குழுவில் பெரிய ஆள் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் ஒலிப்பதிவு வேலை, பேர் 'ஸ்வரராஜன்'. அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: 'சின்தசைசர். சந்தேகமே வேண்டாம்.' எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

நான் ஹெட்போனில் நான்கு முறை கேட்டேன். ஐந்தாவது முறை என் விரல் நுனி தானாக மேலே எழும்பியது, யூனிட்டில் கிண்ணத்தைத் தாங்குகிற மாதிரியே. எழுதினேன்: 'இது மிஷின் இல்லை. தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணம், ஜலதரங்கம். அதில் ஏழாவது சுரத்துக் கிண்ணத்தில் விரிசல் இருக்கிறது.'

அப்புறம் நடந்ததைப் படிக்க எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. 'விருத்தாசலத்தில் இருந்தால் இடி இடித்தாலும் பீங்கானாகத்தான் கேட்கும்' என்று ஒருவர். 'அண்ணே, காதிலும் களிமண்ணா?' என்று இன்னொருவர். ஸ்வரராஜன் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார். அந்த மரியாதைதான் அதிகமாகக் குத்தியது: 'இசை தெரியாதவர்கள் ரசிக்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது.'

ரோஷம் வந்துவிட்டது. 'நிரூபிக்கிறேன். முடியாவிட்டால் இந்த இழையில் இனி ஒரு வரி எழுதமாட்டேன்' என்று தட்டிவிட்டு எழுந்தேன். படி இறங்கும்போதுதான் என்ன எழுதினேன் என்பதே புரிந்தது. எழுதாமல் எப்படி இருப்பேன்? வேறு எங்கே போய் இதையெல்லாம் சொல்வேன்?

யூனிட்டில் சூப்பர்வைசர் தங்கராசு என்றால் எல்லாருக்கும் பயம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் போய், "சார், ஞாயித்துக்கெழம பத்து சூப்பு கிண்ணம் வேணும். திருப்பிக் குடுத்துடுறேன்" என்றேன்.

"விருந்தா?"

"இல்ல சார். வாசிக்கறதுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழுக் கதையையும் சொன்னேன். களிமண் என்று எழுதியதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"காதுல களிமண்ணுன்னா எழுதுனான்? களிமண்ணுன்னா அவனுக்கு அவ்ளோ எளக்காரமா? பத்து இல்ல, நாப்பது எடுத்துக்க. நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பிரவுசிங் சென்டர் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நாங்கள் மூன்று பேரும் வேர்த்து ஒழுகினோம். பழைய கம்பளியை விரித்து நாற்பது கிண்ணத்தையும் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு குரல் உண்டு, நாற்பதில் ஒன்பது சரியாக வந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி கீழே இறங்கும். தங்கராசு சார் டீ ஸ்பூனால் ஊற்றுவார். பாய் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டுவார். "இன்னும் ரெண்டு சொட்டு சார்", "அய்யோ, அதிகமாயிட்டுது, ஒரு சொட்டு எடுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அவரை அதட்டுகிறேன் என்பதே மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஏழாவது கிண்ணம் மட்டும் வரவில்லை. நல்ல கிண்ணத்தை வைத்தால் சுரம் சரியாக இருக்கும், ஆனால் படத்தில் கேட்கிற மாதிரி இருக்காது. படத்தில் அந்தச் சுரம் பிறந்த உடனே தொண்டை கட்டியது போல அடங்கும். தங்கராசு சார் சட்டென்று எழுந்து போனார். அரை மணி கழித்து, நான் அந்த வாரம் கழித்துப் போட்ட கிண்ணங்களை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார். பதினாறாவது கிண்ணத்தில் கிடைத்தது. தட்டினேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய், "மாஷா அல்லாஹ்" என்றார், மிக மெதுவாக.

பதினொரு முறை பதிவு செய்தோம். இரண்டு முறை பஸ் ஹாரன், ஒரு முறை தங்கராசு சாரின் தும்மல், மற்றவை நான் தாளம் தவறியது. பதினொன்றாவது சரியாக வந்தது. அதை ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அப்போதைய இணைப்பு அப்படி. பச்சைக் கோடு ஊர்ந்து முடியும் வரை யாரும் எழுந்து டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

திங்கள், செவ்வாய். ஒரு பதிலும் இல்லை. புதன்கிழமை நான் படியேறும்போதே பாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தங்கச்சி, சீக்கிரம் வா. மெட்ராஸ்லேர்ந்து."

குழுவில் இருந்த சென்னைக்காரர் ஒருவர், எங்கள் பதிவைத் தன் தெருவில் இருந்த ஓர் அம்மாவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா சினிமா இசைக்குழுக்களில் முப்பது வருஷம் ஜலதரங்கம் வாசித்தவர். எந்தப் படத்திலும் அவர் பேர் போட்டதில்லை. அவர்தான் லைனில் இருந்தார்.

"அந்த விரிசலக் கண்டுபிடிச்சது யாரு?" கணீரென்ற குரல்.

"நான்தாங்கம்மா."

"பொண்ணா நீ! கேளு. அன்னைக்கு டாக்ஸில வரும்போது ஒரு கிண்ணம் லேசா இடிச்சிருச்சு. மாத்து இல்ல. பயந்துட்டே வாசிச்சேன். வாசிச்சு முடிச்சதும் மியூசிக் டைரக்டர் எழுந்து வந்தாரு. திட்டப்போறார்னு நெனச்சேன். 'அந்த ஒடஞ்ச சத்தம்தான்மா அந்தத் தாயி, அப்படியே இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த ரூம்ல இருந்தவங்களத் தவிர இது யாருக்கும் தெரியாது. இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட கேட்டதில்ல. நீ எங்கேர்ந்து கேட்ட?"

"விருத்தாசலத்துலேர்ந்தும்மா. பீங்கான் யூனிட்டுல தட்டிப் பாக்குற வேல."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. அப்படி யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பின் நடுவில் அவர் அழுதாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. என் காதுக்கே பிடிபடாத சத்தம் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சென்னைக்காரர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். குழு கொந்தளித்தது. அதில் பாதிப் பேர் ஜலதரங்கத்தை விட்டுவிட்டு, 'பீங்கான் அண்ணன் பொண்ணா?' என்பதிலேயே நின்றுவிட்டார்கள். களிமண் என்று எழுதியவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். ஸ்வரராஜன் ஒரு நாள் கழித்து வந்தார். 'நான் சொன்னது தப்பு. அவர் சொன்னது சரி. இருபது வருஷமாக இதே வேலை செய்கிறேன், அந்தச் சுரத்தை நான் கேட்கவே இல்லை.' பெரிய மனிதர்தான். அதற்கப்புறம் எந்தத் துண்டை யார் போட்டாலும் அடியில் அவர் எழுதுவார்: 'பீங்கான் தட்டிப் பார்க்கட்டும்.'

யூனிட்டில் தங்கராசு சார் சூளைக்காரரிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லாரிடமும் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் பத்து சுரத்தில் நான்கை அவரே வாசித்திருந்தார். நான் மறுக்கவில்லை. வீட்டில் அப்பா மட்டும், "இதுக்கு என்னா தருவாங்க?" என்றார்.

"ஒண்ணும் தரமாட்டாங்கப்பா."

"அப்புறம் ஏன் காலையிலேர்ந்து சிரிச்சிட்டே இருக்குற?"

இப்போது அவற்றில் ஒன்றும் இல்லை. சென்னை அம்மா இரண்டு வருஷத்தில் போய்விட்டார். எங்கள் பதிவை எழுதி வைத்த சிடி எந்த மிஷினிலும் ஓடுவதில்லை. நஸீர் பாய் கடையைக் கொடுத்துவிட்டு மகனோடு திருச்சிக்குப் போய்விட்டார். அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். குழுவை நடத்தியவருக்கும் முடியாமல் போய், இன்ன தேதியோடு நிறுத்துகிறேன் என்று அறிவித்தார். பழைய பக்கங்கள், பெயர்கள், சண்டைகள் அத்தனையும் அதோடு அழிந்தன.

அந்தக் கடைசி நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தங்கராசு சார் ஒரு மணி நேரம் முன்னாலேயே, "போயி எழுதிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். எங்கெங்கோ இருந்து எல்லாரும் வந்து, கேட்டுக்கொண்டிருப்பதை எழுதிவிட்டுப் போனார்கள். ஸ்வரராஜன், ஷார்ஜாக்காரர், கனடாக்காரர், ஒருவர் பின் ஒருவராக. நான் முதல் தடவையாக என் சொந்தப் பேரைப் போட்டு எழுதினேன். அனுப்பிவிட்டு மறுபடி திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்.

"முடிஞ்சிச்சா தங்கச்சி?"

"முடிஞ்சிச்சு பாய்."

பாய் எழுந்து போய் அந்த இரண்டு பெரிய ஸ்பீக்கரையும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் பதிவைப் போட்டுச் சத்தத்தைக் கடைசி வரை திருகினார். பத்து சுரமும் ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கியது. ஆட்டோக்காரர் பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அண்ணாந்தார். திட்டக்குடி பஸ்ஸுக்கு நின்றிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தது. பஸ் வந்து நின்றது. முதல் சில கணங்களுக்கு யாருமே அதில் ஏறவில்லை.