முறைத் தண்ணீரும் முன் சைக்கிளும்

1. தெரிந்தும் சொல்லாதது

தண்ணீர் வரப்போகிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை.

சைக்கிள் டூர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் மேடம் கேட்டார். நல்லதாக நாலு விஷயம் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு நல்லதாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் நான் பாசன ஆறுகளில் லஸ்கராக இருந்தேன். மதகின் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையில் எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவது. அதிகாரிகள் ஜீப்பில் வந்து பாலத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கரையில் போக எனக்கு சைக்கிள்தான். வலங்கைமானிலிருந்து கடல் வரை எந்தக் கரையில் சைக்கிள் ஓடும், எந்தக் கரையில் ஒரு மழை பெய்தாலே களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எந்த மேப்பிலும் அது கிடையாது.

ரிட்டயர் ஆன வருடமே தேன்மொழி மேடம் வீடு தேடி வந்தார். இந்தப் பக்கத்துப் பெண்தான், சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

"கார், பஸ், லாரி எதுவும் வராத ரோடு வேணும் சார். வலங்கைமான்ல சைக்கிள் ஏறினா கோடியக்கரையில கடலைப் பார்த்துதான் இறங்கணும். நடுவுல ஒரு ஹாரன் சத்தம் கேக்கக் கூடாது. முடியுமா?"

"முடியுமாவா? நான் போகாத கரை ஒண்ணு இருந்தா சொல்லுங்க, பார்ப்போம்" என்றேன்.

நாலு மாதம் அலைந்தேன். ஆற்றுக் கரைகள், கடைமடை வயல்களுக்கு நடுவே போகும் மண் ரோடு, முத்துப்பேட்டை பக்கம் அலையாத்திக் காட்டை ஒட்டிய சதுப்பு, பிறகு உப்பளத்து வரப்புகள், கடைசியில் கோடியக்கரைக் காடு. எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் இடித்தது. நடுவில் ஒரு கிளை ஆறு. பாலம் மெயின் ரோட்டில்தான் இருந்தது. அங்கே லாரிகள் உரசிக்கொண்டு போகும். பாலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே மாடுகள் இறங்கி ஏறும் துறை ஒன்று இருந்தது. ஆறு காய்ந்திருக்கும் நாளில் சைக்கிளைத் தோளில் போட்டு நாற்பது எட்டில் கடந்துவிடலாம். தண்ணீர் பற்றாத நாட்களில் எல்லா ஆறுகளிலும் ஒரே சமயத்தில் விட மாட்டார்கள். முறை வைத்துத்தான் விடுவார்கள், ஒரு வாரம் இந்த ஆறு, அடுத்த வாரம் அந்த ஆறு என்று. இந்த ஆற்றுக்கு முறை இல்லாத நாளாகப் பார்த்து டூர் போட்டால் போதும். அந்தத் துறையைக் கண்டுபிடித்தவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. முன்னால் போனவன்

ரூட் தயாரானதும் மேடம் ஜபருல்லாவைக் கூட்டிவந்தார். முத்துப்பேட்டைக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். பதினெட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன். இங்கிலீஷ், இந்தி, அரபி மூன்றும் பேசுவான். வாயைத் திறந்தால் யாரையும் சிரிக்க வைத்துவிடுவான்.

"லீடர் இவர்தான். முன்னாடி இவர் போவார். நீங்க கடைசியில வாங்க சார். யாருக்காவது பஞ்சர், செயின் கழண்டா பார்த்துக்கணும்" என்றார் மேடம்.

நான் போட்ட ரோட்டில் அவன் முன்னால். நான் பம்பும் பஞ்சர் கிட்டும் தூக்கிக்கொண்டு வால்.

வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அவன் நாற்றங்காலைக் காட்டி, "இதுதான் வயல், இன்னும் மூணு மாசத்துல இங்கேயே அறுப்பு" என்று வந்தவர்களிடம் சொல்லுவான். நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். பூநாரையைக் காட்டினால் கைதட்டுவார்கள். பூநாரை அவன் வளர்த்ததா? ஊருக்குப் போய் மேடத்துக்கு எழுதுவார்கள்: ஜபர் பாய் அருமை, ஜபர் பாய் இல்லாவிட்டால் இந்தப் பயணமே இல்லை. என்னைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், பின்னால் ஒரு கோபக்காரத் தாத்தா வந்தார் என்று.

ஒரு தடவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பின் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டேன். வெயிலில் எட்டு கிலோமீட்டர் மாவு பிசைகிற மாதிரி மிதித்தான். "டியூப் சரியில்லைபோல அண்ணே" என்று சொல்லிவிட்டு என்னிடமே பம்பு வாங்கி அடித்துக்கொண்டான். எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது. அவ்வளவு கேவலமாகத்தான் இருந்தேன்.

3. மாட்டுத்துறை

தை மாதம். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் சென்னை டாக்டர் அம்மா ஒருவர். வயது ஐம்பத்தெட்டு, தனியாக வந்திருந்தார். முதல் நாள் முழுக்கக் கடைசியாகவே வந்தார், அதனால் என்கூடவே வந்தார். குறை சொல்லாத மனுஷி.

அன்று சாயங்காலம் குணசேகரன் போன் செய்தான். நான் ரிட்டயர் ஆனதும் என் இடத்துக்கு வந்திருக்கும் லஸ்கர்.

"அண்ணே, முறையை மாத்திட்டாங்க. கடைமடையில கதிர் வாங்குற பயிர் காயுதுன்னு சத்தம் போட்டாங்க. நாளைக்குக் காலையிலயே தொறக்கறோம். ஒன்பதரைக்கெல்லாம் மாட்டுத்துறையைத் தாண்டிடும், பார்த்துக்குங்க."

போனை வைத்தபோது ஜபருல்லா எதிரே வந்தான். போனில் பேசியதைக் கேட்டவன் மாதிரி, சரியாக அதையே கேட்டான்.

"மூர்த்தி அண்ணே, நாளைக்குத் துறை காஞ்சுதானே கெடக்கும்? நம்ம பத்து மணிக்கு அங்க இருப்போம்."

சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது இது: "முன்னாடி போறவன் நீ. நீதான் பார்த்துக்கணும்."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன அண்ணே" என்று சிரித்துக்கொண்டே போனான்.

என் கணக்கு என்ன தெரியுமா? பத்து மணிக்குப் போகும்போது ஆறு இடுப்பளவு ஓடும். ஜபருல்லா கரையில் நின்று முழிப்பான். எட்டுப் பேரும் அவனைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் மெதுவாக முன்னால் போய், வாங்க, வேறு வழி எனக்குத் தெரியும் என்பேன். ஒரே ஒரு தடவை அப்படி நடந்தால் போதும் என்று இருந்தது. யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் முகம் செத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் பத்து மணிக்குப் போனோம். ஆறு காய்ந்து கிடந்தது. ஷட்டர் திறக்க நேரமாகியிருக்கும், அல்லது மேலே எங்கேயோ கோரை அடைத்திருக்கும். எனக்குத் தெரியாத விஷயமா? முப்பத்திரண்டு வருடத்தில் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்ததை நான் பார்த்ததே கிடையாது. பொறாமையில் அதுகூட மறந்துபோயிருந்தது.

ஜபருல்லா இறங்கினான். அவன் பின்னால் ஐந்து பேர். அக்கரை ஏறிவிட்டார்கள். டாக்டர் அம்மா நடுவில் போய்க்கொண்டிருந்தார். மற்ற இருவரும் நானும் இக்கரையில். அப்போதுதான் மேலே வளைவில் கொக்குகளைப் பார்த்தேன். ஆற்றின் அகலத்துக்கு வரிசையாக நடந்து வந்தன. காய்ந்த ஆற்றில் கொக்கு அப்படி நடந்து வந்தால் புதுத் தண்ணீர் அதன் காலடியில் இருக்கிறது என்று அர்த்தம். வெடிப்பிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க அது தண்ணீரோடு கூடவே வரும்.

கத்தியிருக்க வேண்டும். அரை நிமிடம் கத்தவில்லை. அந்த அரை நிமிடம் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். அக்கரையில் நின்ற ஜபருல்லாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நுரையும் வைக்கோலுமாகத் தண்ணீர் முதலில் கணுக்கால் அளவுதான் வந்தது. அதற்கே டாக்டர் அம்மா பதறிவிட்டார். நனைந்த களியில் ஷூ மாட்டிக்கொண்டது. இழுத்தார், வழுக்கினார், சைக்கிளோடு கையை ஊன்றி விழுந்தார். அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் குதித்தேன். ஆனால் எனக்கு முன்னால், அக்கரையிலிருந்து, போனும் ஷூவுமாக அவன் குதித்து ஓடிவந்துவிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கரையேற்றும்போது தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. எந்த மெயின் ரோட்டுக்கே போக மாட்டோம் என்று சொல்லி அவரைக் கூட்டிவந்தோமோ, அதே ரோட்டில், ஆட்டோவில், லாரிகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

4. ஆஸ்பத்திரி வாசல்

மேடம் வந்து சேர்ந்தார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும்.

"முறை மாறினது யாருக்கும் தெரியாதா? ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜபருல்லா சொன்னான்: "அண்ணன் நேத்தே சொன்னாருங்க மேடம். நான்தான் போட்டோ எடுக்குற அவசரத்துல காதுல வாங்கலை. தப்பு என்னோடது."

நன்றி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முன் சைக்கிளை எடுத்துக்கொண்டான், கைதட்டலை எடுத்துக்கொண்டான், கடைசியில் என்னுடையது என்று இருந்த தப்பையும் அவனே எடுத்துக்கொண்டான்.

மேடம் உள்ளே போனதும் அவன் சட்டையைப் பிடித்தேன். "எதுக்குடா பொய் சொன்ன? உன்னைக் கேட்டேனா?"

"உங்களை அனுப்பிடுவாங்க அண்ணே. அப்புறம் எனக்கு ரோடு யாரு சொல்லுவா? நாத்தங்காலுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாத பய நான்."

"எனக்கு முன்னாடியே தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி வர்றப்ப எல்லாரும் தண்ணியப் பார்த்தாங்க. நீங்க என்னையப் பார்த்தீங்க." ஈர சாக்ஸைக் கழற்றிப் பிழிந்தான். "அன்னைக்கு டயர்ல காத்துப் புடுங்கினதும் தெரியும். வால்வு மூடியை உங்க சட்டைப் பாக்கெட்லயே போட்டுக்கிட்டுச் சுத்துனீங்க."

நான் உள்ளே போய் டாக்டர் அம்மாவுக்கு முன்னாலேயே மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.  டாக்டர் அம்மா, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து முழுக்க உங்ககூடத்தானே வந்தேன். ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

 

5. இப்போது

ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பக் கூப்பிட்டபோது மேடம் இரண்டு விஷயம் சொன்னார். கூப்பிடச் சொன்னது ஜபருல்லா. என் இடம் பழையபடி கடைசிதான். இரண்டில் எது அதிகமாக எரிந்தது என்று எனக்கே தெரியவில்லை. போனேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பொறாமைப்படாதே என்று சொல்ல மாட்டேன். அது சொல்லி நிற்கிற சங்கதி இல்லை, எனக்கு இன்னும் நிற்கவில்லை. கோடியக்கரையில் காடு முடிந்து கடல் தெரியும்போது இப்போதும் அவனுக்குத்தான் கைதட்டுகிறார்கள், எனக்கு இப்போதும் எரிகிறது. எரியட்டும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலைப் பிடித்து வைத்துக்கொள்ளாதே. உனக்குப் பிடிக்காதவன் மட்டும் அந்தத் துறையில் இறங்குவதில்லை.

இப்போது டூர் நாளில் விடிந்ததும் நான் குணசேகரனுக்குப் போன் செய்துவிடுவேன். எல்லோரும் ஹெல்மெட் மாட்டி வரிசையில் நிற்பார்கள். ஜபருல்லா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கடைசியில் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்பான்.

"அண்ணே, தண்ணி?"

"இன்னைக்கு இல்லை. போ."

அதற்குப் பிறகுதான் முன் சைக்கிள் நகரும்.