பேட்டரி தொட்டதும் வந்த 'டக்'

ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் லேபர் கேம்ப் குடியிருப்பின் அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. "குர்லாவுல ரிப்பேர் கடை இருக்கு, குடுத்துருவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் மிக்ஸியையே பிரித்து மாட்டுகிறவள். "இதுக்கெதுக்குக் கடை? நான் பாக்கேன்" என்று வாங்கிக்கொண்டேன். உண்மையில், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை.

கறுப்புக் காகிதக் கூம்பை பிளேடால் அறுத்தேன். காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருந்தன. சுருள் தீய்ந்த வாடையே இல்லை; கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. கூம்பைத் திரும்ப ஒட்டினால் கோணிக்கொண்டு நின்றது.

யாருக்கும் சொல்லாமல் குர்லாவுக்கு ஓடினேன். கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். சுவர்க்கடிகாரத்து பேட்டரியைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் தொட்டுவைத்தார். 'டக்' என்றது.

"அக்கா, சுருள் நல்லாத்தான் இருக்கு. நீங்க அறுத்ததுதான் கோளாறு. புதுக் கூம்பு போட்டுத் தாரேன். மொதல்ல ஊமையானதுக்கு, ஸ்பீக்கருக்கு வார ஒயரப் பாத்தீங்களா? எது வழியா வருது?"

அந்த ஒயர் எங்கள் வாசலுக்கு மேலேதான் போகிறது. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் வேறு கொடி ஏது? போன வாரம் ஈரக் கம்பளியை அதில்தான் காயப்போட்டிருந்தேன்.

புதுக் கூம்பு போட்ட ஸ்பீக்கரோடு வீட்டுக்கு வந்து ஒயரைத் தடவிப் பார்த்தேன். கம்பளி தொங்கிய இடத்தில் உள்ளே கம்பி அறுந்திருந்தது. முறுக்கி, டேப் சுற்றினேன்.

கொடையன்று ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. "நீயே சரி பண்ணிட்டியே!" என்று சந்தே மெச்சியது. நான் மறுக்கவில்லை.

இப்போதெல்லாம் எது ஓடாவிட்டாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் அண்ணாந்து என் துணி எங்கே காய்கிறது என்றுதான் பார்க்கிறேன்.